வயித்துல ஏத்துன மாவிளக்கும் வழிமறிச்ச நர்சம்மாவும்

"…கலெக்டர்ட்ட போங்க, மந்திரிட்ட போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தம்மாவ இன்னைக்கு நான் உள்ள விட மாட்டேன்!"

ஆபரேசன் தியேட்டர் வாசல்ல, தள்ளுவண்டிக்குக் குறுக்க நின்னுக்கிட்டு ஒரு நர்சம்மா என்னையப் பாத்துச் சொன்ன வார்த்தை இது. தள்ளுவண்டியில படுத்திருந்தது என் பெஞ்சாதி பேச்சியம்மா. போன பங்குனி மாசம், ஒரு புதன்கிழமை காலை.

அந்த வாசல்ல நின்னு நான் நம்ம ஆத்தாட்ட ஒரு வேண்டுதல் வச்சேன். நல்ல மனசோட வச்ச வேண்டுதல் இல்ல. அதுக்கு மாரியம்மா சொன்ன பதிலை நம்ம கோயில் அன்பர்கள் எல்லாரும் கேக்கணும்னுதான் இதை எழுதுறேன். எழுதிப் பழக்கமில்ல. திருச்சுழியில மாட்டுத்தீவனக் கடை வச்சிருக்கேன், பேசிப் பேசியே பிழைக்கிற ஆளு. பேசுற மாதிரியே வரும், பொறுத்துக்கங்க.

பேச்சியம்மாவுக்கு ஒரு வருசமா உதிரப்போக்கு. வெளியில சொல்லல. கல்லாவுல உக்காந்து சில்லறை எண்ணிக்கிட்டிருந்தவ அப்படியே பருத்திக்கொட்டை மூட்டை மேல சாஞ்சிட்டா. மூஞ்சி வெளுத்து சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்துச்சு. டவுன் ஆஸ்பத்திரியில சேத்தோம். கர்ப்பப்பையில கட்டி, எடுத்துத்தான் ஆகணும், ஆனா உடம்புல ரத்தமே இல்லைன்னுட்டாக. ரத்தம் ஏத்தி, தேத்தி, ஒரு தேதி குறிச்சாக. அதுக்குள்ள மறுபடி போக்கு ஆரம்பிச்சா ஏத்துன ரத்தமும் வீண். "தள்ளிப் போடுற கேஸ் இல்ல"ன்னு டாக்டர் சொன்னது என் காதுலயே நின்னுச்சு. ராத்திரி பகல் எனக்கு அது ஒண்ணுதான் பயம். தேதி தவறிட்டா இவ தங்க மாட்டா.

அந்தத் தேதிக்கு முந்தின நாள்தான் நம்ம ஊர் மாரியம்மா கோயில் பொங்கல். நரிக்குடிப் பக்கம் எங்க ஊர்ல, வயித்து நோவுக்கு வயித்துலயே மாவிளக்கு ஏத்துறதா நேந்துக்கிடுவோம், உங்களுக்குத் தெரியும். பேச்சியம்மா பேருக்கு நேந்துக்கிட்டது என் அக்கா முத்துராக்கு. இவளால வர முடியாதுல்ல. அக்கா சொன்னுச்சு: "அவ வயிறு வந்தா என்ன, என் வயிறு வந்தா என்ன, ஆத்தாவுக்குத் தெரியாதாக்கும்." அது போய்ப் படுத்துக்கிருச்சு. கோயில் தரையில மல்லாக்கப் படுத்து, வயித்துல ஈரத்துணி விரிச்சு, மேல இலையைப் போட்டு, மாவுருண்டையில நெய்த்திரி ஏத்தி, எரிஞ்சு முடியிற வரைக்கும் அசையல. அறுபது வயசுக் கட்டை.

அதே நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில அந்த நர்சம்மா வந்தாக.

பாலவனத்தத்துல இருந்து தினம் பஸ்ஸுல வந்து போறவுக. வார்டுல அவுகளுக்கு 'வேப்பெண்ணெய்'னு பட்டம். எதிர்க் கட்டில்ல துணைக்கு இருந்த ஒரு அம்மா சொன்னுச்சு: "அது சிரிச்சா கரண்டு பில்லு கூடிரும்னு நெனைக்குது போல." நாளைக்கு ஆபரேசனுக்குப் போறவுகளுக்கெல்லாம் பாடம் நடத்துறது அவுக வேலை. பேச்சியம்மா கையைப் பிடிச்சுப் பாத்தாக. பொங்கலுக்குன்னு எதிர்க் கட்டில் பிள்ளை வச்சுவிட்ட மருதாணி.

"யாரு வைக்கச் சொன்னது? மயக்கத்துல இருக்கும்போது நகத்தைப் பாத்துத்தான் ரத்த ஓட்டம் தெரியும். நீ செக்கச் செவேல்னு பூசி வச்சிருக்க. கல்யாணத்துக்கா வந்திருக்க?"

பேச்சியம்மா அழுதிட்டா. அவுக நிறுத்தல. தாலி, தோடு, மூக்குத்தி எல்லாம் கழட்டி வீட்டுக்காரர் கையில குடுத்திரணும். தலைக்கு எண்ணெய் கூடாது. மூச்சுப் பழக, மூணு பந்து உள்ள கண்ணாடி மாதிரிக் குழாய் ஒண்ணைக் குடுத்து, வாயில வச்சு உறிஞ்சு, பந்து மேல ஏறணும்னாக. ஒரு பந்துதான் அரைவாசி ஏறுச்சு. "கடையில உக்காந்து வம்பளக்க மூச்சு இருக்குல்ல? இழு!" தலையணையை வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமச் சொன்னாக. "தையலைப் பிடிச்சுக்கிட்டு இருமலைன்னா சளி தங்கும், காய்ச்சல் வரும், அப்ப என்கிட்ட வந்து அழாத." கடைசியா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல ஒண்ணும் வாயில படக் கூடாது, தண்ணிகூட நான் சொன்னாத்தான்னாக. சொல்லிட்டு, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு"ன்னு கேட்டாக. அவ ஒண்ணொண்ணாச் சொன்னா. விட்டதுக்கு ஒரு திட்டு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பள்ளிக்கூடத்துப் பிள்ளையாம்மா அவ? சீக்காளி"ன்னேன்.

"பள்ளிக்கூடத்துல தப்பாச் சொன்னா பிரம்படி. இங்க தப்பாப் போனா உங்களுக்குத்தான் அடி. தள்ளி நில்லுங்க"ன்னுட்டுப் போயிட்டாக.

விடியவும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு அக்கா வந்து இறங்குச்சு. முடி கலைஞ்சு, கண்ணு சிவந்து, முந்தியில முடிஞ்ச மாவோட. நான் பல்லு விளக்கப் போயிருந்தேன். நான் இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன், அதையும் சொல்லிடுறேன். யாரு பேருக்கு விளக்கு ஏத்துனமோ, அந்த மாவை முதல்ல அவுகதான் திங்கணும், அது வழமை. பேச்சியம்மா எந்திரிச்சு உக்காந்து, ரெண்டு உள்ளங்கையையும் சேத்து ஏந்தி வாங்கி, அவ்வளவையும் தின்னுருக்கா. வெல்லமும் ஏலக்காயும் நெய்யும் போட்டுப் பிசைஞ்ச பச்சை மாவு. நெத்தியில குங்குமமும் வச்சுவிட்டுருச்சு அக்கா.

தியேட்டர் வாசல்ல நர்சம்மா வண்டியை நிறுத்திக் கேட்டாக.

"சாப்பிட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"தண்ணி?"

"இல்ல."

பொய் சொல்லல அவ. எங்க யாருக்குமே அது சாப்பாடுன்னு தோணல. ஆனா நர்சம்மா அவ நெத்தியையே பாத்தாக. குனிஞ்சு மூஞ்சிக்கிட்ட வந்தாக.

"குங்குமம் யாரு வச்சது?"

"மதினி. ஊர்ல இருந்து வந்தாக."

"கோயில்ல என்ன குடுத்துவிட்டாக?"

"மாவிளக்கு."

"உள்ள போச்சா?"

"அது சாமியோடதுல்ல சிஸ்டர்…"

அவ்வளவுதான். வண்டி தள்ள வந்த ஆளைப் பாத்து, "திருப்பு"ன்னாக.

அக்கா பாஞ்சுச்சு. "என்னடி திருப்பு? மூணு வாரமா நேந்து, விடிய விடிய கண்ணு முழிச்சுக் கொண்டாந்திருக்கேன். ஆத்தா குடுத்ததைச் சாப்பாடுன்னு சொல்ற வாய் வெளங்குமா?"

"சாமி குடுத்தாலும் ஆசாமி குடுத்தாலும் இரைப்பைக்கு ஒண்ணுதான். நேத்து சாயங்காலம் கத்துனேன்ல? யார் காதுல போட்டீக?"

நான் குதிச்சேன். தேதி போயிருச்சுங்கிற ஒண்ணுதான் என் தலையில. "ஒரு வாய் மாவுக்கு ஒரு உசுரைத் திருப்பி அனுப்புவியா? உன் மேல எழுதிக் குடுக்காம விட மாட்டேன்"னு வாடி போடின்னு பேசிட்டேன். கூட்டம் கூடிப் போச்சு. எல்லாரும் எங்க பக்கம். எதிர்க் கட்டில் அம்மா, "அதுக்குத்தான் வேப்பெண்ணெய்னு பேரு வச்சோம்"னு சத்தமாவே சொன்னுச்சு. அவுக அசையல. அப்பத்தான் நான் ஆரம்பத்துல எழுதுன அந்த வார்த்தையைச் சொன்னாக.

நான் கண்ணை மூடிக் கையெடுத்தேன். "ஆத்தா, என் பெஞ்சாதி உசுரு உன் கையில. காப்பாத்து. வழி மறிச்சவளைச் சும்மா விடாத." ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டேன்.

கண்ணைத் திறக்கக்கூட இல்ல, பேச்சியம்மா குமட்டுற சத்தம் கேட்டுச்சு. வார்டுல போட்ட ஊசியோ, எங்க சண்டையைப் பாத்த பயமோ. மல்லாக்கப் படுத்திருந்தா, ஒரு கையில டிரிப்பு ஏறிக்கிட்டிருக்கு. மூச்சு முட்டிக் கண்ணு பிதுங்குது. நர்சம்மா அவளைப் பிடிச்சு ஒரு பக்கமாச் சாச்சுப் புரட்டிட்டாக. அத்தனை மாவும் வெளிய வந்துச்சு. கட்டி கட்டியா, நெய் மினுமினுக்க.

சத்தம் கேட்டு மயக்க டாக்டர் வெளிய வந்தாரு. தரையைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "முழிச்சிருக்கும்போதே இவுகளுக்கு இந்தத் திணறல். நான் மயக்கம் குடுத்த பின்னாடி இது மேல வந்திருந்தா இருமக்கூடத் தெரியாது. நேரா நுரையீரலுக்குள்ள இறங்கியிருக்கும்"னாரு.  

வேண்டுதலுக்குப் பதில் வந்துட்டது தெரிஞ்சுச்சு. நான் யாரைத் தண்டிக்கச் சொன்னேனோ, அவுகளைத்தான் ஆத்தா எனக்கு முன்னாடியே அந்த வாசல்ல நிறுத்தி வச்சிருந்தா.

தேதி போகும்னு பயந்தேன்ல, ரெண்டு நாள்தான் தள்ளிப் போச்சு. பயந்தபடி போக்கும் ஆரம்பிக்கல. வெள்ளிக்கிழமையே ஆபரேசன்னு சொல்லிட்டாக. வியாழக்கிழமை சாயங்காலம் நர்சம்மா மறுபடி வந்து, ஒரு வார்த்தை குறையாம அதே பாடத்தை நடத்துனாக. இந்தத் தடவை, "நீங்களும் சொல்லுங்க"ன்னு என்னையும் அக்காவையும் ஒப்பிக்க வச்சாக. அக்கா அவுக மூஞ்சியைப் பாக்காம, சன்னலைப் பாத்து ஒப்பிச்சுச்சு. ஆனா அன்னைக்கு விடியிற வரைக்கும் கட்டில் காலடியில காவல் இருந்தது அக்காதான். பக்கத்துக் கட்டிலுக்குத் தீர்த்தம் கொண்டு வந்த ஒரு அம்மாவை, "அங்கயே நில்லு தாயி, முதல்ல கேட்டுட்டு வா"ன்னு நிறுத்திருச்சு.

வெள்ளிக்கிழமை ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு. மறுநாள் பேச்சியம்மா தலையணையை அணைச்சுக்கிட்டு இருமுனா. மூணாவது பந்தும் மேல ஏறுன அன்னைக்கு வார்டே பாத்துச்சு. நர்சம்மா மட்டும், "இன்னும் கொஞ்சம் நேரம் நிக்க வை"ன்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாக. வீட்டுக்குப் புறப்படும்போது அக்கா புதுசாப் பிசைஞ்ச மாவை ஒரு டப்பாவுல போட்டு நர்சம்மாட்ட நீட்டுச்சு. "டூட்டி நேரத்துல ஒண்ணும் வாங்க மாட்டேன்." அக்கா வாசல் வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டே வந்துச்சு: "இப்பவும் வேண்டாம்ங்கிறா பாரேன்."

இந்தச் சண்டை இன்னும் தீரல. அவுக பேரைச் சொன்னா அக்கா மூஞ்சியைத் திருப்பிக்கிடும். பேரை எழுதுனா அவுகளே திட்டுவாக, அதனால நானும் எழுதல.

இப்ப எங்க கடைக்கு வாரவுக ஆபரேசன்னு சொன்னா, "சாப்பிடாமப் போங்க"ன்னு நான் சொல்றதில்ல. "கோயில்ல குடுத்ததை டப்பாவுல மூடி வைங்க, டாக்டர் சொன்ன பின்னாடி குடுங்க, ஆத்தா காத்திருப்பா"ன்னு சொல்றேன். பேச்சியம்மா கல்லாவுல இருந்து, "மருதாணியையும் சொல்லுங்க"ன்னு குரல் குடுப்பா. வார பங்குனிக்கு அவ வயித்துலயே விளக்கு ஏத்தப் போறோம். எல்லாரும் வாங்க.

அன்பர்களே, நோவு வந்தா ஆத்தாட்டக் கேளுங்க. கூச்சப்படாமக் கேளுங்க. கோவத்துல தப்பாக் கேட்டாக்கூட நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுக்கிறவ அவ. ஆனா வார பதில் நமக்குப் பிடிச்ச முகத்தோடதான் வரணும்னு இருந்துராதீக.

அன்னைக்கு நடந்ததுல ஒண்ணை மட்டும் இன்னும் சொல்லல. "இந்தம்மாவ இன்னைக்கு நான் உள்ள விட மாட்டேன்"னு என் மூஞ்சிக்கு நேரா கத்துன வாய் மூடல, பேச்சியம்மாவுக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. கூட நின்ன நாங்க எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால போயிட்டோம், அக்காவும்தான், நானும்தான். தட்டு தேட நேரமில்ல. அந்த நர்சம்மா அவளை ஒரு பக்கமாச் சாச்சுத் தன் இடுப்போட அணை குடுத்துக்கிட்டு, ரெண்டு உள்ளங்கையையும் சேத்து, அவ வாய்க்குக் கீழ ஏந்துனாக.