பனிக்கட்டியில் வைத்த கௌபி

கிண்ணத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் குளிர் முழங்கைவரை ஏறும். மூடியைத் திறந்தால் தேசிக்காய்ப் புளியும் பச்சை வெங்காயமும் மூக்கைச் சுரண்டும். குவைத்தில் நான்கு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு விடுமுறையில் குறிஞ்சாக்கேணிக்கு வந்த உம்மா, வந்த கையோடு செய்த முதல் சாப்பாடு அது. அவித்த கௌபிப் பயறில் பாதியை எடுத்து, தேசிக்காய்ச் சாறு, உள்ளி, மல்லித்தழை, அங்கிருந்து கொண்டுவந்த ஒலிவ் எண்ணெய் எல்லாம் விட்டுப் பிரட்டி, எங்கள் புது "பிரிட்ஜில்" முதல்நாளே ஊறவைத்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவைப் பார்க்க அயல்வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தது. அதைக் குளிரக் குளிர அவர்களுக்கு வைப்பதுதான் உம்மாவின் எண்ணம். எனக்கு ஒன்பது வயது, ஆனால் காது மட்டும் பெரியவர்களுடையது. "இஞ்ச எனக்கென்ன வேல? குசினியும் மச்சிட கையில. திரும்பிப் போறன்" என்று உம்மா வாப்பாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். மச்சி என்றது வாப்பாவின் தங்கையை, எங்கள் மாமியை. அந்த நான்கு வருடமும் எங்களுக்குச் சமைத்துப்போட்டு என் தலையையும் வாரிவிட்டவர். "ஆறின சாப்பாட்ட விருந்துக்கு வெக்கிறது, இனி வராதீங்க எண்டு சொல்றதுக்குச் சமன்" என்பார் மாமி. அப்படியானால் வருகிறவர்கள் உம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்களே, உம்மா போய்விடுவாரே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளி காலை உம்மா குளிக்கப்போன நேரம் பார்த்து, கிண்ணத்தைச் சட்டியில் கவிழ்த்து, தேங்காய்ப்பாலும் விட்டு, அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

புளியில் பால் விட்டால் என்ன ஆகும் என்று ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும்? திரிந்து, கட்டி கட்டியாகி, பார்க்கவே கண்றாவி.

ஈரத் தலையோடு வந்த உம்மா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆறினதெண்டு சிரிப்பாங்க, நீங்க போயிருவீங்க" என்று நான் ஊரைக் கூட்டும்படி அழுதேன். உம்மா குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்த மாமி ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மதினி, மிச்சக் கௌபி கிடக்குத்தானே? எழும்புங்க. நான் என்ன வெட்டணும், சொல்லுங்க" என்றார்.

அந்தக் குசினியில் மாமி யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்க நேரம் இல்லாததால் மீன் வியாபாரியான வாப்பாவின் ஐஸ் பெட்டிதான் கைகொடுத்தது. கட்டியை உடைத்து, மூன்று தண்ணீரில் கழுவி, அதன் நடுவே கிண்ணத்தைப் புதைத்தோம். "மீன் வாசம் வந்தா என்னக் கேக்காதீங்க" என்று வாப்பா கழன்றுகொண்டார். ஜும்ஆவுக்குப் பிறகு வந்த பக்கத்து வீட்டுக் கதீஜா ராத்தா "பல்லுக் கூசுது, ஆனா கை நிக்குதில்ல" என்று சொல்லிச் சொல்லி மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உம்மா திரும்பிப் போகவுமில்லை.

இன்று வாப்பாவின் பெட்டியும் இல்லை, மாமியும் மௌத்தாகிவிட்டார். குளிர்ந்த சாப்பாட்டைக் கண்டு வியக்க ஊரில் ஆளும் இல்லை. லிங்கநகரில் என் வீட்டில் போன கிழமை கௌபி ஊறவைத்தபோது, உங்களைப் போகவிடாமல் நிறுத்தியது இந்தக் கௌபிதானே என்று உம்மாவிடமே பெருமையடித்தேன்.

"போடி, பதட்டத்தில அதுக்கு உப்பே போடல்ல நான்" என்று சிரித்தார் உம்மா. "நாலு வருசத்தில நீ என்ன மறந்திருப்பா எண்டு நினச்சித்தான் திரும்பிப் போக வெளிக்கிட்டன். அண்டைக்கு நீ அழுதத்தப் பாத்த புறவு எப்பிடிப் போற?"