சுவரில் வரைந்த நிழல்

தூங்குமூஞ்சி மரத்துக் காய் பழுத்துக் கறுத்துத் தார் ரோட்டில் விழுந்து, அதன் மேல் லாரிச் சக்கரம் ஏறினால் ஒரு வாடை கிளம்பும். வெல்லப்பாகு அடிப்பிடித்தது போன்ற வாடை. அதோடு பச்சை மீன் வாடையும் சேர்ந்தால் அதுதான் எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருமுனை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் ஏரியைத் தாண்டிப் போகிற மெயின் ரோட்டில் எங்கள் தெரு வந்து சேரும் இடத்தில் அந்த மரம் நின்றது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. பாதி ரோட்டை அது குடையாய் மூடியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், சைக்கிளில் செயின் கழன்றவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள், எல்லோருக்கும் ஒதுங்க அந்த ஓரிடம்தான் இருந்தது.

அதன் அடியில்தான் பிலோமி அக்கா மீன் விற்றார். கோவளத்தில் விடிகாலையில் படகு கரையேறும்போதே மீனை ஏலத்தில் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸைத் தட்டிப் போட்டு, கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டே கேளம்பாக்கம் வழியாக பஸ் மாறி வந்து இறங்குவார். சங்கரா, நெத்திலி, கானாங்கத்தை. ஐஸ் கரைந்தாலும் அந்த நிழலில் மீன் மதியம் வரை தாங்கும் என்பதால்தான் அவ்வளவு தூரம் வந்தார். அதை அவரே சொல்வார். "ஊருக்குள்ள கூவிக்கினு அலைஞ்சா கால் தேயும், மீனும் பூடும். இங்க குந்திக்கினா நீங்களே வர்றீங்கோ." கோவளத்து வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு கூடையால்தான். புருஷன் படகுக்குப் போவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது, எங்கே போகிறார் என்று யாராவது கேட்டால், "எனுக்கே தெரியாது, உனுக்கு இன்னாத்துக்கு?" என்பார்.

எங்கள் தெருக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் எடுபடாது. அப்பா கணக்கு வாத்தியார், தெரு நலச் சங்கத்தின் செயலாளர். அந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று புளிய மரங்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரைப் பக்கம் பிளாட் போடுகிறவர்கள் பனைகளைச் சாய்த்தார்கள். துண்டு போட்ட மரங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அந்த லாரிச் சத்தத்தைக் கேட்டுப் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். "நாமளாவது ஏதாவது செய்யணும்" என்றார். அந்தக் கோபம் உண்மையான கோபம். சங்கம் பார்க் இடத்தைச் சுற்றி எழுப்பியிருந்த நீண்ட மதில் சுவர், அந்த மரத்துக்குப் பின்னாலேயே, மெயின் ரோட்டைப் பார்த்தபடி வெறுமையாக இருந்தது. அதில் தெருவே சேர்ந்து ஒரு பெரிய ஓவியம் வரைவது, மரத்தை வெட்டாதே என்று போகிறவர் வருகிறவர் மண்டையில் ஏறும்படி வரைவது என்று முடிவானது.

அப்பாவின் பள்ளியிலேயே டிராயிங் மாஸ்டராக இருந்த ராஜன் சார் எங்கள் தெருவில் குடியிருந்தார். மெலிந்த மனிதர், பேசமாட்டார், கோபம் வந்தால் பென்சிலைக் கடிப்பார். அவர்தான் படம் போட்டுத் தந்தார். புரட்டாசியில் வேலை ஆரம்பித்தது. முதலில் சுண்ணாம்பு, பிறகு நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுச் சுவர் முழுக்கக் கட்டம், அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு கட்டம் என்று பிரித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவர்களும், கோயிலுக்குப் போய் வந்தவர்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிஸ்டெம்பர் வாளியோடு நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது வானம். வானத்தில் என்ன இருக்கிறது வரைய? அழுது அடம் பிடித்து ஒரு மைனாவுக்கு நான் அனுமதி வாங்கினேன்.

சுவரின் இடது பக்கம் மொட்டை நிலம், வெட்டுப்பட்ட மரங்கள், வெடித்த ஏரி. வலது பக்கம் பச்சை. நட்ட நடுவில் ஒரு மாபெரும் மரம், அதன் நிழலில் மனிதர்கள். எதிரே இருந்த தூங்குமூஞ்சியையே பார்த்து ராஜன் சார் அதை வரைந்தார். நிழலில் உட்கார வைக்க ஆள் தேடி எங்கும் போகவில்லை, பிலோமி அக்காவையே வரைந்தார். "என் மூஞ்சி இன்னாத்துக்கு சார் சொவத்துல, திருஷ்டிக்கா?" என்று அவர் கத்தியதில் வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "சேலையை மட்டும் சேப்பாப் போடு சார், இது மீன் நாத்த சேலை" என்றார். சிவப்பாகவே போட்டார். பிலோமி அக்காவுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? கோவளத்திலிருந்து தங்கையை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

மரத்தின் மேல் முதல் வெட்டு விழுந்தது சாரம் கட்டும்போது. சவுக்குக் கம்பம் நிறுத்தத் தாழ்ந்த கிளை ஒன்று இடித்தது, எடுத்தார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. படம் முடிந்தபின் எல்லோரும் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தபோதுதான் சங்கடம் புரிந்தது. நடுவில் இருந்த பெரிய மரத்தை எதிரே இருந்த பெரிய மரம் மறைத்தது. இடதும் தெரிந்தது, வலதும் தெரிந்தது, நடுவில் வெறும் இலை. "ரெண்டே ரெண்டு கிளைதான் சார், மறுபடியும் வந்துடும்" என்று யாரோ சொன்னார்கள். சுவர்ப் பக்கக் கிளைகள் போயின. பிறகு ஐப்பசி மழை. ஒரு பக்கம் மட்டும் கழிக்கப்பட்ட மரம் ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரிந்தது. கரண்ட் கம்பி மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தது. மிச்சக் கிளைகளிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் சுவரில் பழுப்புக் கோடாக இறங்கியது. என் மைனாவின் மேல் நிஜக் காக்கை எச்சமிட்டது. பச்சையெல்லாம் கறைபட்டதைப் பார்த்து ராஜன் சார் பென்சிலைக் கடித்துத் துப்பினார்.

திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். மார்கழியில் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. கூட்டம் எப்போதும் சாயங்காலம்; பிலோமி அக்கா மதியமே கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஏறாவிட்டாலும் அவரை யார் உள்ளே கூப்பிடப் போகிறார்கள்? அவர் சங்க உறுப்பினர் இல்லையே. "இந்த ஒரு மரம் போனா போகட்டும், இந்தப் படத்தைப் பார்த்து நூறு மரம் பிழைக்கும்" என்று அப்பா சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். ராஜன் சார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியாக அவரும் தூக்கினார். காபி டம்ளர்களைப் பொறுக்க வந்த அம்மா எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்: "மரத்தோட படம் தெரியணும்னு மரத்தை வெட்டுறவங்க நாமளாத்தான் இருப்போம்." அம்மாவுக்கு எப்போதும் கிண்டல்தான் என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

பொங்கலுக்கு முன்னால் வெட்டினார்கள். அன்று பிலோமி அக்கா பஸ்ஸைவிட்டு இறங்கி, தலையில் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். இறக்கி வைக்க இடம் தெரியவில்லை. அடிமரத்தின் மேல் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. "வாத்தியாரம்மா, இன்னாம்மா இது?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். பிலோமி அக்கா சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மீனு நிக்காதும்மா. ஒம்பது மணிக்கே கண்ணு செவந்து கெட்டுப்பூடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

விழா நன்றாகத்தான் நடந்தது. படத்தை மறைக்கும் என்று ஷாமியானா போடவில்லை. அதிகாரி, சுவரில் இருக்கும் மரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, வளர்ந்த மரம் ஒவ்வொன்றும் நம் பிள்ளை என்று பேசினார். ஒரு வேப்பங்கன்றும் நட்டார். அதை ஆடு மேய்ந்தது. அன்று மட்டும் மீன் கூடையோடு வர வேண்டாம், வாடை அடிக்கும், அதிகாரி வருகிறார் என்று முந்தைய நாளே சங்கத்திலிருந்து பிலோமி அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னது அப்பாதான். "கூடை இல்லாம வர்றேன் சார், படத்துல கீறேனே" என்று அவர் கேட்டதற்கு, அப்பா என்னவோ முனகிவிட்டு வந்துவிட்டார். விழாவுக்குப் பிலோமி அக்கா வரவில்லை.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. பிலோமி அக்கா பழைய இடத்திலேயே, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே சிவப்புச் சேலை கட்டிய பிலோமி அக்கா நல்ல நிழலில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தவர் முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டு ஈ ஓட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. அம்மா தன் பழைய புடவையைப் பந்தல் போலக் கட்டித் தரச் சங்கத்திடம் அனுமதி கேட்டாள். ஒரு முனையைச் சுவரில்தான் கட்ட வேண்டும், ஆணி அடித்தால் படத்தில் காரை பெயரும் என்று சங்கம் மறுத்துவிட்டு, ஒரு கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தது. அந்தக் குடையை அவர் மீனுக்குப் பிடித்தார்.

பங்குனியில் இரண்டு முறை மீன் கெட்டுப் போய் எங்கள் தெருவிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை யாரும் வாங்கவே வரவில்லை. சித்திரையில் அவர் வருவது நின்றது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். உண்மையா என்று தெரியாது. தேடிப் போகலாம் என்று அம்மா சொன்னாள், போகவில்லை. அம்மா அதன் பிறகு நெடுநாள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. ஏன் என்று அப்பாவும் கேட்கவில்லை.

இப்போது அந்த மதில் இல்லை. பார்க் இடத்தை யாரோ கோர்ட்டில் ஜெயித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ராஜன் சார் இல்லை, அம்மா இல்லை. ரோடு இரண்டு மடங்கு அகலமாகி, எங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. நான் நாவலூரில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போவேன். தொண்ணூறை நெருங்குகிறார், நினைவு வந்து வந்து போகும். போன வாரம் திறப்பு விழா போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றித் தரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். படத்தில் ஓவியம் முழுசாக, ஓர் இலைகூட மறைக்காமல் தெரிகிறது. அதன் முன்னால் அதிகாரியும் அப்பாவும் நாங்களும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். அப்பா ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் சரியாகவே சொன்னார்.

"பிலோமியைக் காணோமே? தெருவே நிக்குது. அன்னிக்கு அவ வரலையா?"

"நீங்கதாம்ப்பா வர வேணாம்னு சொன்னீங்க."

அப்பா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"வெயில் மூஞ்சியில அடிக்குதும்மா. அந்த ஸ்க்ரீனை இழுத்து விடு."