தாக்குதலுக்கான துணைப் பயிற்றுநர்

பனி கொட்டிய காலைகளில் அல்பேர்ட் உடனே பனி வழிக்கும் சவளைக் கையில் எடுப்பதில்லை. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் அவர் பராமரிக்கும் நான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி கால்மணி நேரம் சும்மா நிற்பார். வேலைக்கு ஓடுகிறவர்கள் எந்த வழியாக ரயிலுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பார். கட்டடக் கலைஞர் போட்ட பாதை வளைந்து நெளிந்து பூப்பாத்தியைச் சுற்றிப் போகும். சனங்களின் காலடி அதைச் சட்டை செய்யாமல் குறுக்கே போயிருக்கும். அந்தக் காலடியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பனியை வழிப்பார். "படம் கீறினவன் இஞ்சை நடக்கப்போறேல்லை. நடக்கிறவன்தான் பாதை போடுறவன்" என்பது அவர் வாதம். குடியிருப்பின் நிர்வாகக் குழு இரண்டு முறை கடிதம் எழுதிக் கண்டித்துப் பார்த்தது. பிறகு பூப்பாத்தியை இடம் மாற்றிவிட்டது.

ஆட்களின் முகத்தைவிடக் காலைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தேழு வருடமாக அங்கே வேலை. ஆனாலும் குடியிருப்பவர்களின் பெயர் வாயில் வராது. "மூண்டாம் மாடிப் பச்சைச் சப்பாத்து", "குதிக்கால் தேய்ஞ்ச மனுசி" என்றுதான் வீட்டில் கதைப்பார். பழக்கம் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் தொடங்கியது. இருபது வயதில் வந்திறங்கி மீன் தொழிற்சாலையில் நின்ற நான்கு வருடமும், எல்லோரும் முகத்தை மூடித் தலையை மூடி ஒரே வெள்ளை உடுப்பில் நிற்பார்கள். நடையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கவேண்டும். இப்போது வயது ஐம்பத்தேழு. நல்ல நாட்களில்கூட நிலத்தைப் பார்த்துத்தான் பேசுவார். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த மனிதருக்கு ஏதோ பெருங்கவலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவர் உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஆனதற்குக் காரணம் ஒரு தேர்தல். அவர் படித்தது யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், கடலைப் பார்த்து நிற்கிற கல்லூரியில். அதற்கு ஒஸ்லோவில் ஒரு பழைய மாணவர் சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. கல்லூரி அணி என்றுதான் பெயர். ஆடுகிற பதினொரு பேரில் ஒருவர்கூட அந்தக் கல்லூரியைக் கண்ணால் கண்டதில்லை. எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருந்தால் போதும், சீருடை கிடைக்கும். நெஞ்சில் எழுதியிருக்கும் லத்தீன் வாசகத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். வருடா வருடம் ஆனி மாதத்தில் பழைய மாணவர் சங்கங்களுக்கிடையே போட்டி நடக்கும். இந்த அணி மூன்று வருடமாக ஒரு கோல்கூடப் போடவில்லை. இந்த முறையும் போடாவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு, அன்றைக்கு ஒன்றுகூடலும் கொத்துரொட்டியும் மட்டும் வைப்பது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது.

அதே கூட்டத்தில்தான் அல்பேர்ட் தலைவர் பதவிக்கு நின்று இரண்டு வாக்கால் தோற்றார். ஒஸ்லோவில் தேர்தலில் தோற்ற மனிதர் ஆபத்தானவர். அடுத்த மாதமே அதே கல்லூரிச் சின்னத்தோடு இன்னொரு சங்கம் தொடங்கிவிடுவார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் மண்டபம் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு. ஆகவே தோற்றவருக்கு ஏதாவது ஒரு பதவி கொடுப்பது சங்கத்தின் எழுதாத யாப்பு விதி. பாதுகாப்புக்கான துணைப் பயிற்றுநர் பதவி போன தேர்தலில் தோற்ற கிருபனிடம் இருந்தது. மிச்சம் இருந்தது தாக்குதல்.

"நீர் பந்து அடிச்சனீரோ?" என்று கேட்டார் தலைமைப் பயிற்றுநர் குலேந்திரன்.

"இல்லை அண்ணை. பாத்தனான்" என்றார் அல்பேர்ட்.

எல்லோரும் கைதட்டினார்கள். அணியின் ஒன்பதாம் இலக்கம், கோல் போடவேண்டிய நடு முன்வரிசை ஆட்டக்காரன், அல்பேர்ட்டின் மகன் டெனிஸ். மகனின் இடத்தைக் காப்பாற்றத்தான் தகப்பன் பதவி எடுக்கிறார் என்று மண்டபம் முழுக்க விளங்கிக்கொண்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. யாரும் குறை சொல்லவில்லை. சங்கத்தில் பதவி எடுப்பதற்கான நேர்மையான காரணங்களில் அதுவும் ஒன்று.

குலேந்திரனுடைய தாக்குதல் முறை மிக எளிமையானது. பின்னாலிருந்து பந்தை உயரத் தூக்கி அடிக்கவேண்டும்; டெனிஸ் தலையால் இடிக்கவேண்டும். எண்பத்தைந்தாம் ஆண்டு அவர் அப்படித்தான் எதிர்க்கரைக் கல்லூரிக்கு ஒரு கோல் போட்டார். அந்தக் கோலைச் சொல்லிக் காட்டுவதுதான் பயிற்சியின் முதல் அரைமணி நேரம். டெனிஸ் ஆறடி இரண்டு அங்குலம். இருபத்தாறு வயது, மின்சார வேலை. ஒன்பது வருடமாக ஒரு பயிற்சிக்குக்கூட வராமல் விட்டதில்லை. காய்ச்சலோடும் வருவான். "டெனிசுக்குத் தூக்கு! டெனிசுக்குத் தூக்கு!" என்று குலேந்திரன் கத்துவதற்கு முன்பே எதிரணிக் காவலர்கள் இரண்டு பேர் டெனிசின் தோளில் வந்து சாய்ந்து நிற்பார்கள்.

முதல் பயிற்சி மாசி மாதத்தில். பாடசாலை ஒன்றின் செயற்கைப் புல் திடலில் கணுக்கால் அளவு பனி. அல்பேர்ட் வழக்கம்போலக் கைகளைப் பைக்குள் விட்டபடி ஓரத்தில் நின்றார். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்றார். திடலின் நடுப்பகுதி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. இரண்டு கரையும் விரித்த படுக்கைத் துணி மாதிரி வெள்ளையாக இருந்தன, ஒரு கோழி நடந்த அடையாளம்கூட இல்லை. கோலுக்கு முன்னால் பெரிய சப்பாத்து ஒன்றின் தடம் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிக் குழி விழுந்திருந்தது. அந்தச் சப்பாத்தின் அளவு அல்பேர்ட்டுக்குத் தெரியும். நாற்பத்தாறு. நத்தார் பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அடுத்த கிழமை அவர் பனி தள்ளும் சிறு இயந்திரத்தோடு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். இரண்டு கரையையும் பச்சை தெரியுமளவுக்கு வழித்தார். வழித்த பனி முழுவதையும் நடுவில் குவித்தார். இடுப்பளவுக்கு ஒரு மேடு எழும்பிவிட்டது.

குலேந்திரன் வந்து பார்த்துத் திகைத்துப்போனார். "என்ன காணும் இது? நடுவிலை மலை கட்டி வச்சிருக்கிறீர்?"

"நேரம் காணேல்லை அண்ணை. மிச்சத்தை அடுத்த கிழமை எடுப்பம்."

அடுத்த கிழமையும் நேரம் காணவில்லை. பங்குனி முழுக்கக் காணவில்லை. பந்து வேறு வழியில்லாமல் கரையால் போனது. இடது கரையில் மூன்று வருடமாகக் குளிருக்குக் கைகளை உரசிக்கொண்டு நின்ற தக்சன் முதன்முறையாக வியர்த்தான். மருந்தியல் படிக்கிற பையன், கட்டையன், நாய் துரத்தினமாதிரி ஓடுவான். "மாமா, பந்து எனக்கு வருது! ஹெல்ட் செரியோஸ், உண்மையாத்தான் எனக்கு வருது!" என்று நம்பமுடியாமல் அல்பேர்ட்டிடம் ஓடிவந்து சொன்னான். சித்திரையில் பனி உருகியது. கால்கள் கரைப்பக்கம் போவதற்குப் பழகிவிட்டன. இதைத் தன்னுடைய புதிய முறை என்று குலேந்திரன் செயற்குழுவில் விளங்கப்படுத்தினார். அல்பேர்ட் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரே ஒரு சிக்கல். கரையால் வருகிற பந்து தரையோடு வந்தது. டெனிஸ் அது தலைக்கு ஏறும்வரை காத்திருந்தான். குறுக்கே ஓடிப்போய் எடுக்கவேண்டும். அது அவனுக்கு வரவில்லை. ரிஷிகேசன் என்று ஒரு சின்னப் பையன் மாற்று ஆட்டக்காரனாக இருந்தான். அவனுக்கு அது வந்தது. இதைக் குலேந்திரனும் கண்டார், கிருபனும் கண்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வெளியே இருத்தினால் அடுத்த ஞாயிறு பூசையில் அந்தக் குடும்பம் முகம் பார்க்காது. அதற்கடுத்த மாதம் புதுச் சங்கம். அணி மூன்று வருடமாகக் கோல் போடாததன் இரகசியம் அவ்வளவுதான். ஒஸ்லோ முழுவதிலும் டெனிசை இருத்தக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் சமாதானத்துக்காகப் பதவியில் வைத்திருந்தார்கள்.

கோல் விழாவிட்டால் அணி கலைந்துவிடும், டெனிசுக்கு விளையாட இடமே இருக்காது. கோல் விழவேண்டுமென்றால் டெனிஸ் இருக்கக்கூடாது. பிள்ளைக்கு இதைவிட விருப்பமான ஒன்று உலகத்தில் இல்லை என்பதும் அல்பேர்ட்டுக்குத் தெரியும். போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனின் காலுறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டாம் பாதிக்கு ரிஷியை விடுவம் எண்டு நினைக்கிறன்."

"எனக்குப் பதிலாவோ?"

"ஓம்."

"ஆர் சொன்னது? குலேந்திரன் மாமாவோ?"

ஆமென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றார்.

டெனிஸ் பாதி சாப்பிட்ட கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு தகப்பனோடு பேச்சில்லை. ஒரே வீட்டுக்குள் சொல்லவேண்டியதைத் தாயின் தொலைபேசிக்கு எழுதி அனுப்பினான். முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு வருகிற தாய் யோசெப்பின் அதை வாசித்துக் காட்டுவாள். "கார்த் திறப்பை எங்கை வச்சிருக்கிறீங்களாம்." பிறகு தன் பங்குக்கும் போடுவாள். "ஊரிலை எல்லாரும் பிள்ளைக்கு இடம் பிடிக்கப் பதவி எடுப்பினம். நீங்கள் பெத்த பிள்ளையை எழுப்பிவிடவோ எடுத்தனீங்கள்?" உண்மையில் அல்பேர்ட் தலைவர் ஆகத்தான் விரும்பியிருந்தார்.

போட்டியன்று நல்ல வெயில். எதிர்க்கரைக் கல்லூரியோடு முதல் பாதியில் கோல் இல்லை. பரபரப்பில் எல்லோருக்கும் பழைய புத்தி திரும்பியிருந்தது; பந்து வானத்தில் போனது, டெனிஸ் துள்ளினான், இரண்டு காவலர்கள் அவனோடு சேர்ந்து துள்ளினார்கள். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் அல்பேர்ட் குலேந்திரனிடம் போனார்.

"அண்ணை, டெனிசை எடுங்கோ."

"உம்மடை பிள்ளை. நீரே கூப்பிடும்" என்றார் குலேந்திரன், மறுபக்கம் பார்த்துக்கொண்டு.

அல்பேர்ட் கோட்டருகே போய் நின்றார். "டெனிஸ், வா மோனை." சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் வடை பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். யோசெப்பின் எழுந்து கார்ப்பக்கம் போய்விட்டாள். டெனிஸ் நடந்து வந்தான், ஓடவில்லை. ரிஷிகேசனின் கையைத் தொட்டு உள்ளே அனுப்பினான், அந்தளவு மரியாதை தெரிந்த பிள்ளை. அல்பேர்ட் திரும்பி வந்து உட்கார்ந்த வாங்கில் ஓரிடம்தான் மிச்சம் இருந்தது, தகப்பனுக்குப் பக்கத்தில். குளிர்ச்சட்டையின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இருவரும் நேரே முன்னால் பார்த்தார்கள்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் தக்சன் இடது கரையால் போனான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், பந்தைத் தரையோடு உள்ளே தள்ளினான். ரிஷிகேசன் குறுக்கே பாய்ந்து வந்து, காலாலா முழங்காலாலா என்று இன்றுவரை தீராத ஒரு வகையில் அதைக் கோலுக்குள் இடித்தான். திடல் வெடித்தது. குலேந்திரன் கைகளை விரித்துக்கொண்டு உள்ளே ஓடினார். நான்கு பேர் அவரைத் தூக்கினார்கள். "தலைமைப் பயிற்றுநரின் புதிய தாக்குதல் திட்டம்!" என்று ஒலிபெருக்கி அலறியது. கிருபன் யாரையோ கட்டிப்பிடித்து அழுதார்.

"கோல்!" என்று கத்திய டெனிசின் பெரிய கை, பக்கத்தில் இருக்கும் கூட்டாளியின் தொடையில் அடிப்பதுபோல, அல்பேர்ட்டின் தொடையில் படீரென்று விழுந்தது. விழுந்த கை அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண் திடலில் இருந்தது. அல்பேர்ட்டுக்குத் தொடை எரிந்தது. காலை அசைத்தால் அது யாருடைய கால் என்று பிள்ளைக்கு நினைவு வந்துவிடும் என்று பயந்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு அவர் ஆடாமல் இருந்தார்.