கப்பல் முகப்பில் ஒரு யாளி

வாலாஜாபாத்தில் அரிசி ஆலை, சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாண மண்டபம், பிள்ளைகளுக்கு மாடிவீடு, எல்லாம் நாலாம் வகுப்போடு நின்ற இந்தக் கை கட்டியதுதான். மண்டபச் சுவருக்கென்று வியாபாரி கொண்டுவந்த படத்தைப் பிரித்ததும் மை வாசனை எழுந்தது; அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பழைய மரக்கட்டையிலிருந்து இப்போது அச்செடுத்த பாய்மரப் போர்க்கப்பல் படம். அந்தக் கட்டை எங்கள் தெருக்கோடியில், கோயில் வாகனம் செய்யும் பட்டறையில் பிறந்தது. இன்று அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். அன்றோ ஓயாத உளிச்சத்தமும், காலில் ஒட்டும் மரச்சுருளும், எண்ணெயில் மை குழையும் வாசனையுமாக இருக்கும். ஆசாரி கப்பலைச் செதுக்க, பாய்மரக் கயிறுகளை மட்டும் அங்கே எடுபிடிப் பையனாக இருந்த என்னிடம் விட்டிருந்தார். ஒருநாள் என் உளி வழுக்கி, கப்பல் முகப்பில் அவர் செதுக்கியிருந்த சிங்கத்தின் தாடை பெயர்ந்துவிட்டது. பயத்தில் பெயர்ந்த இடத்தையே பிளந்த வாயாக்கி, கண்ணைப் பிதுக்கி, யாளியாக்கிவிட்டேன்.

"இன்னாடா, கப்பல சாமி ஊர்வலத்துக்கு இட்டுக்கினு போறியா?" என்று ஆசாரி சிரித்தார், அழிக்கவில்லை.

இப்போது அந்த யாளிக்காகவே படத்தை வாங்குகிறார்களாம். கீழே ஆசாரி பெயர் மட்டும் இருக்கிறது.

"அந்த மூஞ்சி நான் செதுக்கினதுபா" என்றேன்.

"போற எடத்துல எல்லாம் ஒரு பெரியவரு இதையேதான் சொல்றாரு" என்றான் வியாபாரி.

கப்பல் ஆசாரியுடையது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. அச்சுப் போடுகிறவர்களிடம் கேட்பது இதுதான்: யாளிக்கு என் பெயரைப் போடுங்கள். உளியை வழுக்கவிட்டதும் என் கைதான் என்று சேர்த்தே போடுங்கள்.