அப்பா சொன்ன வயிற்றுவலி

டயர்க்கடை முதலாளி நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பஞ்சர் ஒட்டியே மூன்று மாடி எழுப்பினார். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. அவர் மதித்த படிப்பு டாக்டர் படிப்பு ஒன்றுதான், அதுவும் ஸ்கேன் எழுதுகிற டாக்டராக இருந்தால். தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுக்கிறவரை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முழங்கால், முதுகு, தலை என்று அவர் உடம்பில் படம் பிடிக்காத இடம் பாக்கியில்லை. அந்தப் படங்களைக் கடை ஜன்னலில் ஒட்டி, டயர் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்.

"பாத்துக்கோங்க, உள்ள ஒரு குறை கிடையாது. கம்பெனி சரக்கு!"

குடும்ப டாக்டரும் அவருக்கென்றே வாய்த்தவர். வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் சி.டி. ஸ்கேன் எழுதிவிடுவார்.

அந்த டாக்டரிடம்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த மகளை அழைத்துப் போனார். மாப்பிள்ளை வெளியூரில் வேலையாக இருந்தார். டாக்டர் மகளைப் பார்த்துக் கேட்டார். பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

"வாந்தி இருக்கா?"

"சேச்சே, எங்க பரம்பரைக்கே வாந்தி வராது டாக்டர்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரும்மா. அதான் நான் சொல்றேன்ல."

சீட்டு கைக்கு வந்தது. ஸ்கேன் சென்டரில் படம் பார்க்கும் டாக்டரம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஐயா, நீங்க வெளிய இருங்க."

"நான் அவளோட அப்பா!"

"தெரியுது. அதனாலதான் சொல்றேன்."

கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, குடும்ப டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"டாக்டர், அந்தப் பொண்ணு முழுகாம இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். நீங்க கேக்கவே இல்லையா?"

"அவங்க அப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா!"

டயர்க்காரர் சாத்தியிருந்த கதவை எட்டிப் பார்த்தார்.

"இந்த சி.டி. ஸ்கேன்ல கதிர்வீச்சு எவ்வளவுன்னு தெரியுமா டாக்டர்?"

"என்ன, ஒரு எக்ஸ்ரே அளவு இருக்கும்."

"நெஞ்சு எக்ஸ்ரே நூறுக்கு மேல எடுத்த மாதிரி. அதுவும் நேரா வயித்துல. நான் அல்ட்ராசவுண்ட் பாக்கறேன்."

"அதுல மட்டும் கதிர் இல்லையா?"

"இல்ல டாக்டர். அது வெறும் ஒலி."

மறுமுனையில் போனை வைக்கும் ஒலி கேட்டது.

'என் பொண்ணுக்குச் சின்ன மெஷினா' என்று நாக்கு நுனிவரை வந்ததை டயர்க்காரர் விழுங்கினார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகிடலையே தாயி?"

"சி.டி. இன்னும் எடுக்கவே இல்லைய்யா. பயப்படாதீங்க."

சின்ன மெஷின் இரண்டையும் காட்டியது: சிறுநீர் வழியில் ஒரு பொடிக் கல், அதற்குக் கீழே, படபடவென்று ஒரு துடிப்பு.

வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டது அவர்தான். "மாப்பிள்ளை, ஒரு சேதி..." என்று கனைத்தார்.

மகள் கையை நீட்டினாள். "நான் சொல்லிக்கிறேன்பா."

கொடுக்க மனசே வரவில்லை. கொடுத்தார்.