வில்வண்டிப் பட்டையில் நின்ற ரேஸ் கார்

பிள்ளைகளே, கொட்டகையில் சாக்கு போட்டு மூடியிருக்கும் அந்த ரெண்டு சீட்டு வண்டியை ஏன் இன்னும் எடைக்குப் போடவில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கள் அம்மா சிரிக்கிறாள், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். இன்றைக்கு மாற்றாமல் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பிருந்தால் திருத்துங்கள். காரைப் பற்றிச் சொல்வதை மட்டும் திருத்த வேண்டாம்.

அது ரேஸ் கார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரை விட்டுப் போனபோது, அவரிடம் டிரைவராக இருந்த என்னிடம் விட்டுப் போனார். வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மேலே துணிக்கூரை. முன் கண்ணாடியைக்கூட பானெட்டின் மேல் மடக்கிப் படுக்க வைக்கலாம். உட்கார்ந்தால் ரோட்டில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கும். சீமையில் எவனோ காற்றைக் கிழித்துப் பறப்பதற்காகச் செய்த வண்டியில் நான் ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் ஏற்றிக்கொண்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பம்புசெட் ரிப்பேருக்குப் போனேன். கரியாலூர் மலையில் ஏறும்போது லாரிக்காரர்கள் தாண்டிப் போய்விட்டு, நிறுத்தி, இறங்கி வந்து பார்ப்பார்கள்.

அதற்கு சாமான் இந்தியாவிலேயே கிடைக்காது என்றார்கள். எனக்கென்ன? வாசலில் வேப்பமரம் இருந்தது, மரத்தடியில் நான் இருந்தேன். தண்ணீர் ஓஸ் கிழிந்தால் பம்புசெட் ஓஸ். பெல்ட் அறுந்தால் மாவு மிஷின் பெல்ட். சைலென்சர் ஓட்டை விழுந்ததும் டீசல் இன்ஜின் குழாயை வெட்டிப் பற்ற வைத்தேன். அன்றிலிருந்து நான் காரை ஸ்டார்ட் செய்தால் பக்கத்துக் கொல்லைக்காரர், "எவன்டா எங்க கேணில மோட்டார் போட்டவன்?" என்று வரப்பில் ஓடி வருவார்.

உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டபோது மாமனார் எங்களுக்கு ஒரு வில்வண்டி கொடுத்தார். நல்ல வண்டி. மாட்டை விற்றுவிட்டு வண்டியைச் சுவரோரம் நிறுத்தினேன். ரேஸ் கார் வைத்திருப்பவனுக்கு வில்வண்டி எதற்கு? தலைப்பிரசவத்துக்கு அவளை வடக்கனந்தலில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்தபோது, "மாட்டு வண்டி அனுப்பட்டுங்களா மாப்ள?" என்று அவர் கேட்டார். "வேணாம் மாமா, காருல கொணாந்து வுட்டுடறேன்" என்றேன். அவர் காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "வந்து சேந்தா சரி" என்றார். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது.

அந்த வாரம்தான் சாலை மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் நம் சனத்துக்கு இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம். கேட்டது நியாயம். இன்றும் அதைத்தான் சொல்வேன். மற்ற ஊர்களில் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் ரோட்டில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

வடக்கனந்தல் ரோட்டில் ஒரு பெரிய புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அது முழுதாக விழாமல், ஒரு பக்கம் மேட்டில் தாங்கிக்கொண்டு, அடியில் கன்றுக்குட்டி நுழையும் அளவு சந்து விட்டு நின்றது. பஸ் இல்லை, லாரி இல்லை. மறியல் செய்தவர்களில் பாதி பேர் சொந்தக்காரர்கள். தலைமை என் மச்சான், உங்கள் மாமாதான். நான் கூரையைக் கழற்றி, கண்ணாடியை மடக்கி, ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு மரத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டேன்.

"யோவ் மாமா, கலெக்டரு ஜீப்பே திரும்பிப் போயிட்ச்சி, நீ இன்னா ஓணான் மாரி பூந்து போற?" என்றான் மச்சான்.

"பூந்து போவறத மறிக்கணும்னு ஒங்க தீர்மானத்துல கீதா?" என்றேன்.

கூடிப் பேசினார்கள். இல்லை என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க தென்னாற்காட்டிலேயே ஓடிய ஒரே மோட்டார் வண்டி என்னுடையது என்று நினைத்துக்கொண்டு போனேன், வந்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள். அதற்கு முந்தின நாள் உங்கள் அம்மாவை ஒரு தடவை உட்காரச் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நானும் எதிர்வீட்டு அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம்.

"இன்னாங்க இது, கெணத்துல எறங்கனா மாரி கீது. நான் வர்ல" என்றாள்.

தாழ்வாக இருப்பதுதான் குறை என்றால் உயர்த்திவிட்டால் போயிற்று. சுவரோரம் சும்மா கிடந்த வில்வண்டியிலிருந்து வில்பட்டை இரண்டையும் கழற்றிக் காரின் பின்பக்கம் கட்டினேன். முன்பக்கம், பம்புசெட்டுக்கு அடியில் வைக்கும் தேக்குக் கட்டைகள். பொழுது சாய்வதற்குள் கார் ஜீப் உயரத்துக்கு நின்றது. அவள் ஏறுவதற்கு முக்காலி போட வேண்டியிருந்தது.

"அப்ப எழுந்துக்க முடில, இப்ப ஏற முடில" என்றாள். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து ஏறினாள். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தேன்.

மறுநாள் காலை புளியமரம் வரை ராஜா மாதிரி போனோம். கூரையைக் கழற்றினேன். கண்ணாடியை மடக்கினேன். மெதுவாக விட்டேன். பானெட் மரத்தில் இடித்து நின்றது.

மச்சான் குனிந்து பார்த்தான். "நேத்து வரிக்கும் போய்க்கினு இருந்த வண்டிதானே மாமா? மரம் எறங்கிட்ச்சா?"

"வண்டி ஏறிட்ச்சி" என்றாள் உங்கள் அம்மா.

"மரத்த கொஞ்சம் தள்ளுங்கடா, ஒங்க அக்கா புள்ளத்தாச்சி" என்றேன்.

"தள்னா மறியல் போயிடும் மாமா. மாட்டு வண்டின்னா கொல்ல வழியா தாராளமா போலாம். அது நம்ம வண்டி, அதுக்குத் தட இல்ல. ஒங்க வூட்லதான் வில்வண்டி கீதே, அத எடுத்தாறது தானே?"

அவன் காரின் அடியில் இன்னொரு தடவை குனிந்தான். எழுந்தபோது எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூத்தவளே, நீ படித்து வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் அந்த மரத்தை வெட்டினார்கள். அந்த மரம் முதலில் மறித்தது உன்னைத்தான்.

மரத்துக்கு அந்தப் பக்கம், கொல்லை வழியில், மாமனார் எரு அடிக்கும் மொட்டை வண்டியோடு காத்திருந்தார். விடிவதற்கு முன்பிருந்தே நின்றிருக்க வேண்டும். மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தார்.

"மாப்ள, நீங்களும் ஏறுங்க. இட்லி ஆறிடும்" என்றார்.

"காரு நிக்கிது மாமா" என்றேன்.

உங்கள் அம்மா தன் தம்பியின் தோளைப் பிடித்துக் காரிலிருந்து இறங்கி, வரப்பைப் பிடித்து நடந்து போய் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போட்டது. வில்பட்டை இருந்த வண்டியாக இருந்தால் அப்படிப் போட்டிருக்காது. அவள் திரும்பிக் கையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து காரை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். இடது சீட்டில் தலையணை அப்படியே கிடந்தது. கொடுத்தனுப்ப மறந்திருக்கிறேன். தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டேன். தலையணையை வயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். முக்காலியைப் போட்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு இறங்கப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடையாது. காலை வெளியே விட்டுத் துழாவினேன், முக்காலி அகப்படவில்லை.