அரிசி கிடந்த தொட்டில்

புந்தோங்கில் வாடகை வீடு, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. தனேஸ்வரனின் வாழ்க்கையை ஒரு காலத்தில் இவ்வளவில் சொல்லி முடித்திருக்கலாம். சென்ற ஆண்டு அவனுக்கு ஒரு பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

இப்போது அவன் மனைவி சாந்தினிக்கு மறுபடியும் எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு துணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். வளைகாப்பும் வேண்டாமென்றுவிட்டாள். அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், சமைத்தாள், படுத்தாள். தனேஸ்வரனுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

வேலையிடத்தில் கூட்டாளி பவித்ரன் கேட்டான்.

"மச்சான், தொட்டிலுக்குக் கொக்கி மாட்டிட்டியா?"

"அவ ஒண்ணும் வாங்கக்கூடாதுன்றா லா."

"கொக்கி என்ன சட்டையா? பழைய வீடு, விட்டத்த கரையான் தின்னுருக்கும். பிள்ளைய போட்டுட்டா பாப்ப? அரிசிய போட்டு ஆட்டிப் பாரு. என் மவன் ஒரு தடவ விழுந்துட்டான், அதான் இன்னும் கணக்கு வரமாட்டேங்குது."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் கரையான் அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சாந்தினி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் விட்டத்தில் கொக்கியை மாட்டினான். அதில் தொங்கவிட்ட தொட்டில் ஸ்பிரிங்கில் பழைய கைலியொன்றைத் தொட்டிலாகக் கட்டி, அரிசிப் பையை உள்ளே கிடத்தி ஆட்டினான். விட்டம் முனகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவன் மனம் சற்று இளகியது. நிறுத்த மனமில்லாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

சாந்தினி உள்ளே வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவள் தொட்டிலைப் பிடித்து நிறுத்தி, துணியை விலக்கிப் பார்த்தாள்.

"உசுரு இல்லாதத போட்டு ஆட்டுறீங்களா?"

"கொக்கி தாங்குமான்னு..."

"அவளும் இப்படித்தான் கனமா இருந்தா. நீங்க தூக்கல. நான் தூக்குனேன்."

பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அது அடங்கும் என்று அவன் நினைத்திருந்தான். அது அடங்கவில்லை, அவனை விட்டு அவளிடம் போயிருந்தது.

அன்றைக்கே ஹுத்தான் மெலிந்தாங்கிலுள்ள அம்மா வீட்டில் விடச் சொன்னாள். காரில் வயிற்றின்மேல் கையை வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொக்கிய கழட்டிடுறேன்."

"கழட்டுனா? நான் பாத்துட்டேனே."

இப்போது தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவளைப் போனில் அழைக்கிறான். பிள்ளை அசைகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்து, "சாப்ட்டியா?" என்கிறான்.

"ம்."

அதற்குமேல் இருவரும் பேசுவதில்லை. போனை வைக்கவும் துணிவதில்லை.